விலை போட முடியாததற்கு விலை போட்டவர்

ரோஸ் ஹில் சந்தையில் ஒரு பூசணிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்து சேர்ந்தது. காய்க்காரி தராசைப் பிடித்தபடியே, "மெத்ர் கதிரேசன் ஈன் மோர், மிஸ்யே. காலையிலதான்," என்றாள். இறந்துவிட்டார் என்பதை எங்கள் க்ரியோலில் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடமாக இருபது சென்ட் குறைக்கச் சொல்லி அவளை வாட்டிக்கொண்டிருந்த நான், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, காயை அங்கேயே மறந்துவிட்டு நடந்தேன். சுதந்திரக் கொடி ஏற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடைகளின் முன்னால் கட்டிய காகிதத் தோரணங்கள் மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

எல்லாரும் மெத்ர் என்று அழைத்த வழக்கறிஞர் கதிரேசனைப் பற்றி இந்த நினைவு மலரில் பலர் எழுதுவார்கள். கோயிலுக்கு அவர் செய்ததை எழுதுவார்கள், கட்டணம் வாங்காமல் வாதாடியதை எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் அவருடைய நண்பர்களில் ஒருவன் இல்லை. எதிர்ப்பக்கத்து ஆள். முப்பது வருடம் போர்ட் லூயியில் அரசாங்கத்தின் சட்ட வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அரசாங்கத்தின் கையால் யாருக்காவது தீங்கு நேர்ந்துவிட்டால், எவ்வளவு ஈடு கொடுக்கலாம் என்று முதல் கணக்கு எழுதுவது என் வேலை. குறைவாக எழுது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிறவனைத்தான் நல்ல குமாஸ்தா என்பார்கள். நான் நல்ல குமாஸ்தா.

அவரை முதலில் பார்த்தது போருக்கு முன்னால், தோட்டங்களில் கூலிக்காரர்கள் வேலை நிறுத்திக் கலகம் நடந்துகொண்டிருந்த காலத்தில். சேன் பியேர் பக்கத்துக் கரும்பு வண்டிக்காரர் ஒருவரை, வேறொருவர் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டுபோய் நான்கு நாள் அடைத்துவைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் தவறு தெரிந்து, போ என்று அனுப்பிவிட்டார்கள். நான் கோப்பைப் படித்துவிட்டு, நான்கு நாள் கூலி என்று எழுதி வைத்தேன். மறுநாள் மெலிந்த ஆள் ஒருவர், தோளில் நீதிமன்றக் கறுப்பு அங்கியை ஈரத்துண்டுபோலப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். உட்காரச் சொல்லும்வரை நிற்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"அந்த நாலு நாள்ல மூணாவது நாள் என்ன நடந்துச்சு தெரியுமா, மிஸ்யே லிங்கம்?" என்று தமிழில் கேட்டார். எனக்குத் தெரியாது. மூன்றாவது நாள் அந்த மனிதரின் ஒரே மகளுக்குக் கல்யாணம். சமைத்த சோறு வீணாகிவிடும், மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போய்விடுவார்கள் என்று, அப்பா இல்லாமலே நடத்திவிட்டார்கள். பெரியப்பா தாரை வார்த்துக் கொடுத்தார். "இப்ப அவரு மக வீட்டுக்குப் போனா வாசல்லயே நிக்கிறாரு. உள்ள வாங்கன்னாலும் வர்றதில்ல. நாலு நாள் கூலியில இது எங்க இருக்கு, காட்டுங்க."

எங்கும் இல்லை என்றேன். அதற்கு விலையும் இல்லை என்றேன். அவர் சிரித்தார். "விலை இல்லதான். அதுக்காக ஒண்ணுமில்லன்னு எழுதிடாதீங்க. அரசாங்கம் ஒண்ணுமில்லன்னு எழுதினா, நடக்கவே இல்லன்னு ஆயிடும்." கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தார்கள், பெரிதாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பெயர் போட்ட உறை மேசைக்கு வந்தாலே என் கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பேன்.

அவர் வேலை செய்த விதத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிப்பார். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு வேண்டும் என்று கேட்க மாட்டார், மனம் எப்படி வலிக்கிறது என்றும் கேட்க மாட்டார். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், பிறகு என்ன, பிறகு என்ன என்று ஒரு நாளை முழுவதும் கேட்பார். முன்பு அந்த நாள் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. இரண்டு பத்தியிலும் எழுதுவார். "துக்கத்தக் கேட்டா அழுவாங்க. நாளக் கேட்டாத்தான் சொல்வாங்க," என்பார். எங்கள் தீவில் சட்டம் பிரெஞ்சில் இருக்கிறது, நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது, சண்டை க்ரியோலில் போடுகிறோம். அவருடைய நோட்டுப் புத்தகம் மட்டும் தமிழில் இருந்தது. எதிராளி படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "உங்களத் தவிர," என்றார். கோயில் மாலை வகுப்பில் நான் தமிழ் படித்தவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயருக்கு ஒரு ரூபாய் கேட்கும் வழக்கம் எங்கள் நீதிமன்றங்களில் உண்டு. மானம் போயிற்று, பணம் முக்கியமில்லை, தவறை ஒப்புக்கொண்டால் போதும் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் ஒரு ரூபாய் கேட்பார்கள். அது கண்ணியம் என்று நான் நினைத்திருந்தேன். அவரிடமே சொல்லியும் விட்டேன். "பணக்காரன் ஒரு ரூபா கேட்டா கண்ணியம். ஏழை ஒரு ரூபா கேட்டா, அவன் துக்கம் ஒரு ரூபாதான்னு உங்க கோப்புல எழுதி வச்சுக்குவீங்க," என்றார். எழுதி வைத்திருப்பேன். அதை மறுக்க முடியாது.

இனி இரண்டு சவப்பெட்டிகளின் கதைக்கு வர வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அதைச் சொல்லாமல் எழுதிவிட முடியுமா என்று ஒரு வாரம் பார்த்தேன்.

போர் முடிந்த சமயம். தொற்றுக் காய்ச்சல் பரவியிருந்தது. ஓர் அரசாங்க மருத்துவமனையில் ஒரே நாளில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் சேன் பியேர் முத்துசாமி, கரும்பு வெட்டுகிறவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகாதவர். இன்னொருவர் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊரின் ஜோசப் முத்துசாமி, மேசன் வேலைக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். கப்பலில் வந்த ஏதோ ஒரு முத்துசாமித் தாத்தாவின் பெயர் இரண்டு வீட்டுக்கும் குடும்பப் பெயராகிவிட்டிருந்தது. எங்கள் தீவில் இது புதிதல்ல. ஒரே பெயரில் பாதிப் பேர் முருகன் கோயிலிலும் பாதிப் பேர் மாதா கோயிலிலும் இருப்போம். மருத்துவமனையில் பெட்டிகளின் மேல் குடும்பப் பெயரை மட்டும் எழுதி ஒட்டினார்கள். தொற்று நோய் என்பதால் பெட்டியை ஆணியடித்து மூடித்தான் கொடுப்பார்கள், திறக்கக் கூடாது என்பது விதி. பெட்டிகள் மாறிப் போயின.

சேன் பியேரில் முத்துசாமியின் மனைவி அஞ்சலை, முகத்தையாவது காட்டுங்கள் என்று பெட்டியைக் கொண்டுவந்த ஆட்களின் காலைப் பிடித்திருக்கிறாள். முடியாது என்றார்கள். வாய்க்கரிசி போட வாய் இல்லை. மூடிய பலகையின் மேலேயே அரிசியைப் போட்டார்கள். அரிசி பலகையில் விழுந்து உருண்டு கீழே சிதறியது. இருபது வயது மகன் ஆறுமுகம் கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் சாம்பலை அள்ளி ஆற்றில் கரைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், இறந்தவரின் உடைமைகள் என்று மருத்துவமனையிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அஞ்சலை பிரித்துப் பார்த்தாள். உள்ளே தெரியாத ஒருவருடைய சட்டையும் ஒரு செபமாலையும் இருந்தன.

ஆறுமுகம் எரித்தது ஜோசப்பை. அவனுடைய அப்பா ரிவியேர் தே ஸாங்கீய் கல்லறைத் தோட்டத்தில், வேறொருவருடைய பெயர் எழுதிய சிலுவைக்குக் கீழே கிடந்தார். இரண்டு குடும்பங்களும் கதிரேசனிடம் வந்தன. கோப்பு என் மேசைக்கு வந்தது.

அதில் நான் எழுதிய குறிப்பு இன்றும் எனக்கு மனப்பாடம். 'இரு குடும்பத்தாரும் ஆளுக்கொரு இறுதிச் சடங்கு நடத்தியுள்ளனர். பெட்டிகள் அரசுச் செலவில் வழங்கப்பட்டன. நிதி இழப்பு எதுவும் இல்லை.' இதை எழுதிவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்றுதான் நினைவு.

கதிரேசன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மேலதிகாரி அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மேலதிகாரி கெட்டவர் இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எதற்கும் ஒரு முன்மாதிரி கேட்பார். இதற்கு முன்னால் இதுபோல ஏதாவது கொடுத்திருக்கிறோமா என்று என்னைக் கேட்டார். நான் தேடி எடுத்துவைத்திருந்த ஒரே முன்மாதிரி, அரசாங்க லாரி மோதிச் செத்த ஓர் எருது. மாட்டுக்காரர் அதைப் பிள்ளைபோல வளர்த்ததாகச் சொல்லிக் கூடுதலாகக் கேட்டார், கொடுக்கவில்லை. அதைச் சொன்னேன். கதிரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் 'பின்' பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தார். ஜோசப்பின் மனைவி பிலோமேன் கேட்டது முதலில் வந்தது. கடைசி நாளில் எல்லாரும் உடலோடு எழுவார்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், என் புருஷன் எங்கிருந்து எழுந்து வருவான், ஆற்றிலிருந்தா? அடுத்து அஞ்சலையின் பக்கம். விடிந்ததும் விளக்கு ஏற்றுவாள், இப்போது ஏற்றுவதில்லை, யாருக்கு ஏற்றுவது என்று தெரியவில்லை. கடைசியாக ஆறுமுகம். அவன் தீக்குச்சியைத் தொடுவதில்லை. அடுப்பு மூட்டுவதில்லை, சூடம் கொளுத்துவதில்லை, சுருட்டு பிடிப்பதை விட்டுவிட்டான். யாரோ ஒருவருடைய அப்பாவை அவர் சொந்தக்காரர்கள் பார்க்காமல் எரித்துவிட்டேன் என்கிறான்.

 இதைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று மேலதிகாரி மெதுவாகக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். கதிரேசன் சொன்னார்: "கூட்ட முடியாது, சார். ஆனா கொடுக்கிற தொகையைப் பார்த்தா, நீங்க வெட்கப்பட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். அந்த அளவு." நான் அந்த அலுவலகத்தில் கேட்ட கணக்கு முறைகளில் அதற்கு மேல் சரியான ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு கரும்புக் கூலிக்கு இரண்டு வருடச் சம்பளம் வரும் தொகையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரச் சம்மதித்தார்கள். யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்ற பேச்சு வந்தபோது, எடுக்க ஓர் உடலாவது மிச்சமிருக்கும் குடும்பத்துக்குக் குறைக்கலாமே என்று நான்தான் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே சத்தத்துலதான் அழுதாங்க, லிங்கம்," என்று அத்தோடு முடித்துவிட்டார்.

அஞ்சலைக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மண்ணைத் தோண்டி அவரை எடுத்துக் கொடுங்கள், என் மகன் முகத்தைப் பார்த்து, இல்லாவிட்டால் எலும்பையாவது பார்த்து, கொள்ளி வைக்கட்டும். தொற்று நோயில் இறந்தவரைப் புதைத்த குழியை ஐந்து வருடத்துக்குத் திறக்கக் கூடாது என்று சுகாதார விதி இருந்தது. எனவே இப்போது பணம், ஐந்து வருடம் கழித்துத் தோண்ட மனு என்று கதிரேசன் அவளுக்குச் சொன்னார். "அஞ்சு வருஷம்தானே, மெத்ர். பொறுத்துக்கிறேன்," என்றாளாம். பிலோமேனும் சம்மதித்தாள். க்ரியோல் தவிர வேறு பேச்சு வராத பிலோமேன், உறவுச் சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு அஞ்சலையிடம் சொன்னாள்: "எடுத்துக்கங்க, அக்கா. எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க. நானும் வர்றேன். இத்தனை நாள் அவருக்குத்தான பூ வச்சேன்."

ஒப்பந்தத் தாளை நான்தான் எழுதினேன். புதிதாக யோசித்து எழுதும் வழக்கம் எனக்கில்லை. கோப்பில் இருந்த எருதுத் தாளை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி, மற்றதை அப்படியே நகல் எடுத்தேன். அதன் கடைசி வரி, கோருபவர் இச்சம்பவம் தொடர்பாக இனி எவ்வகைக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார் என்பது. கையெழுத்து நாள் நல்ல வெயில். கதிரேசன் அன்று காலையிலேயே இரண்டு வழக்கு முடித்துவிட்டு வந்திருந்தார். கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தி, "இது பணத்துக்குத்தானே?" என்று கேட்டார்.

"பணத்துக்குத்தான். வேற என்னத்துக்கு?" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அஞ்சலை பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். பொய் சொல்லவில்லை நான். அன்று எனக்கும் அது பணத்துக்குத்தான் என்றே தோன்றியது.

ஐந்து வருடம் முடிந்த வாரத்திலேயே மனு வந்தது. மேலதிகாரி மாறியிருந்தார். புதியவர் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு, எவ்வகைக் கோரிக்கையும் என்று இருக்கிறதே, தோண்டக் கேட்பதும் கோரிக்கைதானே என்றார். கதிரேசன் எழுந்து நின்றார். அந்த வரி பணத்தை மட்டும் குறிக்கும் என்று கையெழுத்துப் போடும்போது அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள் என்றார். யார் சொன்னது என்று புதியவர் கேட்டார்.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். என் கையில்தான் கோப்பு இருந்தது. அந்த மாதம் எனக்குத் தலைமைக் குமாஸ்தா பதவி வர இருந்தது. கதிரேசன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வேண்டுமென்றே பார்க்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. என்னைக் காட்டிக்கொடுத்து என் வாயிலிருந்து அதைப் பிடுங்க அவர் விரும்பவில்லை. "நினைவில்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனு தள்ளுபடியானது. எனக்குப் பதவி வந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் என் மனைவி முறத்தில் அரிசி புடைக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். நான் அந்தச் சாவு வீட்டுக்குப் போனவனில்லை, அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அரிசி பலகையில் விழுந்து உருளும் சத்தம் எனக்குக் கேட்கும். பட்டப்பகலில், அலுவலகத்தில், ரயிலில்கூடக் கேட்கும். பயமாக இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

கதிரேசன் மட்டும் மாறவே இல்லை. அடுத்த வழக்குக்கு வந்தார், எப்போதும்போல எதிரில் உட்கார்ந்தார், எப்போதும்போல என் கணக்கைக் கேலி செய்தார். அஞ்சலை குடும்பத்தாரிடம், தப்பு தன்னுடையது, தான்தான் தாளைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டதாக அவருடைய எழுத்தர் மூலம் அறிந்தேன். மேலும் இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டும் தள்ளுபடி. தீவில் ரயில் சேவையே நின்றுபோன பிறகு ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தார்.  மோக்கா ஊரைத் தாண்டியதும், "தூக்கம் வருதா, லிங்கம்?" என்றார். வருகிறது என்றேன். "எனக்கு வரல," என்று சொல்லிவிட்டு சேன் பியேரில் இறங்கிப் போனார். அன்று முத்துசாமி இறந்த திதி. வருடாவருடம் அந்த நாளில் அவர் அந்த வீட்டுக்குப் போவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கதிரேசன் இறந்த அன்று மாலை அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் தாங்கவில்லை. அவருக்கு இரண்டும் பெண்கள். தம்பி மகன் குளித்து, ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டியைப் பிடித்து நின்றான். பெட்டியை மூடுவதற்காக மூடியை எடுத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் முன்னால் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெட்டுக் காயம் பட்ட கைகள். பின்னாலேயே வெள்ளைச் சேலையில் ஒரு முதியவள்.

"மூட வேணாம்," என்றார் அவர். "மொகத்தப் பாக்கணும்."

யாரும் தடுக்கவில்லை. ஆறுமுகம் பெட்டியின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கதிரேசனின் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படாதே என்று யாரோ சொல்லியிருப்பதுபோலப் பார்த்தார். அஞ்சலை மடியிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து, கதிரேசனின் உதட்டில் போட்டாள். அது உருளவில்லை, அங்கேயே நின்றது. ஆறுமுகம் எழுந்து, கதிரேசனின் மனைவியிடம், "நான் வைக்கட்டுமா, அம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா அழுதுகொண்டே தலையாட்டினார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போன மாசமே சொல்லி வச்சாரு. ஆறுமுகம் வந்து கேட்டா அவன்கிட்ட குடு. கேக்கலேன்னா தம்பி மகன் வைக்கட்டும். நீயாப் போய்க் கூப்பிடாத, அது கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்னாரு." தம்பி மகன் சட்டியைக் கொடுத்தான்.

சுடுகாட்டில் மறுபடி ஒருமுறை மூடியைத் திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார் ஆறுமுகம். வழியில் சட்டி நெருப்பு அணைந்துவிட்டிருந்ததால் சூடம் கொளுத்த வேண்டியிருந்தது. யாரோ தீப்பெட்டி கொடுத்தார்கள். முதல் குச்சி ஒடிந்தது, இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பிடித்தது. கூட்டத்தில் கடைசியில் நின்ற நான் வாய்விட்டு அழுதேன். என்னைத் தெரிந்தவர்கள், எதிராளிக்கு இப்படி அழுகிறானே என்று பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் கதிரேசனின் மனைவி என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் ஒரே வழக்குதான் இருந்தது. 'பின்' பத்தியில், ஆறுமுகம் தீக்குச்சி தொடுவதில்லை என்ற வரிக்குக் கீழே வருடத்துக்கு ஒன்றாக ஒரே சொல் எழுதியிருந்தது. இன்னும். இன்னும். இன்னும். பக்கத்தின் அடிவரை அதே சொல். ஒவ்வொரு திதிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு சேன் பியேருக்குப் போனேன். அந்த வரியை அடித்துவிட்டுக் கொள்ளி வைத்ததை எழுதலாமா என்று ஆறுமுகத்திடம் கேட்க நினைத்தேன். கேட்டேன். அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அடிக்காதீங்க, மிஸ்யே. அப்பா இன்னும் அங்கதான இருக்காரு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அந்தக் கடைசி வரி பணத்துக்குத்தான் என்று சொன்னது நான், அன்று அந்த அறையில் வாயைத் திறக்காதவனும் நான், மெத்ர் மேல் தப்பில்லை என்று சொன்னேன். நின்றபடியேதான் சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை. அஞ்சலை எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தெரியும், மிஸ்யே," என்றாள். "மெத்ர் சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாரு. மொதல்ல தப்பு என்னதுன்னாரு. நான் விடல, அழுது கேட்டேன். அப்பத்தான் சொன்னாரு. ஆனா, அவர இழுத்துக்கிட்டு வந்து சொல்ல வைக்க வேணாம், அவரே ஒரு நாள் வருவாரு, காத்திருங்கன்னாரு. கி பூ ஃபேர், என்ன பண்றது, காத்திருந்தோம். எத்தன வருஷமாச்சு, ஆறுமுகம்?"

"பதினஞ்சு," என்றார் ஆறுமுகம்.

அந்தப் பதினைந்து வருடத்துக்கு என்ன ஈடு என்று எனக்கு யாரும் கணக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லக்கூடிய ஒருவர் போய்விட்டார். மறுநாள் நான் அறிந்ததையெல்லாம் சத்தியம் செய்து எழுதி, அஞ்சலையின் புது மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். பழைய அரசாங்கம் செய்ததற்குப் புது அரசாங்கம் பொறுப்பா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் பழைய மேசையில் இப்போது வேறொரு நல்ல குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் மறுபடி மனுப் போட்டது தெரிந்து பிலோமேன் சொல்லியனுப்பியிருக்கிறாள், நாள் மட்டும் சொல்லுங்கள் என்று. அவளுக்கும் வயதாகிவிட்டது.

மெத்ர் கதிரேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டுப் புத்தகமும், அவரே ஒரு நாள் வருவார் என்று என்னைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையும்தான். சென்ற வாரம் முத்துசாமியின் திதி வந்தது. சேன் பியேருக்குப் போனேன். அஞ்சலை கையால் தேநீர் குடித்தேன். மனுவுக்குப் பதில் வந்ததா என்று அவள் கேட்டாள், வரவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து, அவர் எழுத்துக்குக் கீழே, பக்கத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், என் கையெழுத்தில் இந்த வருடத்துக்கு எழுதினேன்: இன்னும்.